தோல்விக் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

2024 டிசம்பர் 22, ஞாயிறு. விடியற்காலை நாலு மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் விழித்திருந்தவர்கள் பால்காரரும் நாங்களும்தான். என் அக்கா மகன், அவனோடு ஜிம்முக்குப் போகும் இரண்டு பையன்கள், நான். ரியாத்தில் டைசன் ஃபியூரியும் ஒலெக்சாண்டர் உசிக்கும் இரண்டாம் முறையாக மோதிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ரவுண்டும் முடிந்தபின் மூன்று நடுவர்களும் 116–112 என்று ஒரே கணக்கை உசிக் பக்கம் எழுதினார்கள். ரியாத்தில் முடிந்த சண்டை கேம்ப் ரோடு டீக்கடையில் எட்டு மணி வரை நடந்தது. "மாமா, ஃபியூரிகிட்ட தோக்குற வரைக்கும் வைல்டரோட ரெக்கார்டைப் பாருங்க. நாப்பத்திரண்டு ஜெயிச்சதுல நாப்பத்தொண்ணு நாக்அவுட். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான் மருமகன்.

வெற்றி, தோல்வி, டிரா, நாக்அவுட் என்று நாலு கட்டம் போட்டு, ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு வைத்துப் பார்த்து, யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வது குத்துச்சண்டை ரசிகர்களின் பழைய பழக்கம். அதைச் சுத்தமாகத் தள்ளிவிட முடியாது என்பதையும், அதை மட்டும் நம்பினால் எங்கே ஏமாறுவோம் என்பதையும் அன்று டீக்கடையில் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பையன்கள் சத்தம் அதிகம்.

டியோன்டே வைல்டரையே எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரி வரை 42 வெற்றி, ஒரு டிரா, தோல்விக் கட்டத்தில் பூஜ்யம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி, அந்த வருஷமே தொழில்முறைக்கு வந்தவர். முதல் 32 பேரையும் நாக்அவுட்டில் சாய்த்தார். 33ஆவது ஆளாக 2015 ஜனவரியில் எதிரே நின்றவர் அப்போதைய டபிள்யூபிசி சாம்பியன் பெர்மேன் ஸ்டிவர்ன். உலகத் தரத்து ஆள் எதிரே வந்த முதல் நாளே பன்னிரண்டு ரவுண்டும் ஓடின. வைல்டர் பாயிண்டில்தான் ஜெயித்தார். 2017இல் அதே ஸ்டிவர்னை முதல் ரவுண்டிலேயே விழ வைத்தார். இரண்டு வருஷமாக ரிங் ஏறாத ஸ்டிவர்னை. ஏட்டில் முன்னதற்கு ஒரு வெற்றி, பின்னதற்கு ஒரு வெற்றி, ஒரு நாக்அவுட். சண்டை பார்த்தவனுக்கு முன்னதுதான் பெரிய செய்தி.

முதல் 32 பேர் யார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் புது ஆளை வளர்ப்பது ஒரு வியாபாரம். சம்பளத்துக்காக ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு வருகிற அனுபவசாலிகள், வயது கடந்தவர்கள், எடையில் இளைத்தவர்கள் என்று பொறுக்கி எடுத்து நாலு ரவுண்டு, ஆறு ரவுண்டு போட்டிகளில் நிறுத்துவார்கள். பையன் கற்றுக்கொள்கிறான், எண்ணும் ஏறுகிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை; முகமது அலி உட்பட எல்லோரும் இப்படி வளர்ந்தவர்கள்தான். வைல்டருக்கு அந்தப் படிக்கட்டு கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த பூஜ்யத்துக்குத் தொலைக்காட்சியில் ஒரு விலை கிடைக்க ஆரம்பித்ததும் அதைக் காப்பதே தொழிலாகிவிட்டது. 2017இல் ஃபிலாய்டு மேவெதர் 50–0 என்று முடித்த பிறகு அந்த விலை இன்னும் ஏறியது. ஒரே நாட்டில், ஒரே எடையில், ஒரே காலத்தில் சாம்பியன்களாக இருந்த ஃபியூரியும் ஆந்தனி ஜோஷுவாவும் 2025 முடியும் வரை ஒரு தடவைகூட மோதவில்லை. 2021இல் தேதி வரை பேசி முடித்த நேரத்தில், ஃபியூரி முதலில் வைல்டரோடு மூன்றாம் முறை மோதியாக வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் பேச்சுத்தான் நடந்தது.

பட்டியலைத் திட்டிவிட்டு அதன் நன்மையை மறைப்பது நியாயமில்லை. அதில் தேதி இருக்கிறது, எதிராளியின் பெயர் இருக்கிறது, எத்தனையாவது ரவுண்டில் முடிந்தது என்பது இருக்கிறது. விளம்பரக்காரர் என்ன சொன்னாலும் இந்த மூன்றையும் மாற்ற முடியாது. வைல்டரைப் பற்றி மேலே நான் சொன்ன குறையெல்லாம் அதே பட்டியலிலிருந்து எடுத்ததுதான். மருமகன் மேல்வரியை மட்டும் படித்தான். நான் கீழே இறங்கிப் படித்தேன்.

ஃபியூரியிடம் வரும்போது இந்தக் கணக்கு சிக்கலாகிறது. 2015 நவம்பர் 28 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் விளாடிமிர் கிளிட்ச்கோவை அவர் பாயிண்டில் வென்றார். ஒன்பது வருஷத்துக்கு மேல் அசைக்க முடியாமல் இருந்த சாம்பியன் கிளிட்ச்கோ. எங்கள் பக்கத்தில் அந்த வெற்றிக்கு உரிய மரியாதை கிடைத்ததே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது: மூன்றே நாளில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மாடி வரைக்கும் தண்ணீரில் நின்றன. கரண்ட் இல்லை, போன் இல்லை. எந்த ஊரில் எவன் ஜெயித்தான் என்று யார் பார்த்தார்கள்?

அதற்கப்புறம்தான் குறை. கிளிட்ச்கோவுக்குத் தர வேண்டிய மறுபோட்டி இரண்டு தடவை தள்ளிப்போய், நடக்காமலே போனது. மன அழுத்தம், குடி, போதைப்பொருள் என்று ஃபியூரி இறங்கினார்; 2016 அக்டோபரில் பெல்ட்டுகளை விட்டுக்கொடுத்தார். ஏகப்பட்ட எடை போட்டவர் அதைக் கரைத்துக்கொண்டு 2018இல் திரும்பி வந்தார். அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் வைல்டரோடு முதல் மோதல். கடைசி ரவுண்டில் மல்லாந்து விழுந்தவர் எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நின்றார். ஒரு நடுவர் வைல்டருக்கு 115–111, இன்னொருவர் ஃபியூரிக்கு 114–112, மூன்றாமவர் 113–113. ஏட்டில் அது 'டிரா' கட்டத்தில் ஒரு ஒன்று. பத்து வருஷத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த பன்னிரண்டாம் ரவுண்டு அந்த ஒன்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது. 2020இல் ஏழாம் ரவுண்டிலும் 2021இல் பதினொன்றாம் ரவுண்டிலும் வைல்டரை ஃபியூரி முடித்துவைத்தார்.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. ஃபியூரியின் பெருமையில் பாதி வைல்டரோடான மூன்று மோதல்கள். வைல்டரின் 41 நாக்அவுட்டை நான் இறக்கிப் பேசினால், அவரை வென்ற ஃபியூரியையும் இறக்கியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் ஒரு மனையின் விலை விழுந்தால் ஒட்டியிருக்கும் மனையின் விலையும் விழுகிற மாதிரி. ரெக்கார்டுகளை ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்து, தங்களுக்குப் பிடித்தவர் வென்ற எதிராளியை மலை என்பார்கள். பிடிக்காதவர் வென்ற அதே எதிராளியை மடு என்பார்கள்.

இதிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த ஒரே வழி மறுபோட்டியைப் பார்ப்பது. முதல் போட்டியில் அதிர்ஷ்டம் இருக்கலாம், எதிராளி தயாராகாமல் வந்திருக்கலாம், நடுவர் கண் மங்கியிருக்கலாம். இரண்டாம் தடவை இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். ஜோ ஃபிரேசியரிடம் 1971இல் தோற்ற அலி, 1974இலும் 1975இல் மணிலாவிலும் ஜெயித்தார் என்பதால்தான் அந்த முதல் தோல்வி இன்று அவர் கதையின் ஓர் அத்தியாயமாக இருக்கிறது.

இந்த அளவுகோலில் ஜோஷுவா பிழைக்கிறார். பூஜ்யப் பக்தர்கள் அவரைக் கடைசியில் வைப்பார்கள். 2019 ஜூனில் நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸிடம் ஏழாம் ரவுண்டில் விழுந்தவர், ஆறே மாதத்தில் சவூதி அரேபியாவில் அதே ரூயிஸை வென்று பெல்ட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கு முன் 2017இல் வெம்பிளியில் 90,000 பேர் முன்னிலையில் கிளிட்ச்கோவின் குத்தில் ஆறாம் ரவுண்டில் விழுந்து, பதினொன்றாம் ரவுண்டில் அவரை முடித்தார். உசிக்கிடம் இரண்டு தடவை தோற்றார். இரண்டாம் தடவை ஒரு நடுவர் ஜோஷுவா பக்கம் நின்றார். 2024 செப்டம்பரில் டேனியல் டுபுவாவிடம் தோற்றது மோசமான தோல்வி, அதை மறைக்க வேண்டாம். என் கணக்கில் அவர் வைல்டருக்கு மேலேதான்.

உசிக் ஹெவிவெயிட்டுக்கு வரும் முன்பே, 2018இல், கீழ் எடையான குரூசர்வெயிட்டில் நாலு பெல்ட்டையும் சேர்த்தவர். 2025 ஜூலை வரை ஹெவிவெயிட்டில் எட்டே போட்டிகள். அவற்றில் ஆறு போட்டிகள் மூன்றே பேரோடு: ஜோஷுவா, டுபுவா, ஃபியூரி. மூவரையும் இரண்டிரண்டு தடவை வென்றார். எட்டு என்பது சின்ன எண்; வைல்டரோடு மோதவில்லை என்பதும் குறைதான். 2024 மே மாதம் ஃபியூரியோடான முதல் போட்டியில் ஒரு நடுவர் ஃபியூரிக்கு 114–113 என்று எழுதினார். 2023இல் டுபுவா அடித்த ஒரு குத்து இடுப்புக்குக் கீழா மேலா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. ஆனால் இரண்டு சந்தேகத்துக்கும் உசிக் மறுபோட்டியிலேயே பதில் சொன்னார்: ஃபியூரிக்கு அந்த 116–112, டுபுவாவுக்கு ஐந்தாம் ரவுண்டு நாக்அவுட். அந்த டிசம்பர் போட்டிக்கு முன் உடையோடு எடை பார்த்தபோது ஃபியூரி 281 பவுண்டு, உசிக் 226. நம்ம ஊர்க் கணக்கில் வித்தியாசம் ஒரு 25 கிலோ அரிசி மூட்டை. இது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை.

காலம் தாண்டி ஒப்பிடும்போது இந்த எடை விஷயம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். 49–0 என்று 1956இல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோ ஏறக்குறைய 85 கிலோ. இன்றைய விதிப்படி ஹெவிவெயிட் 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல். அவர் குரூசர்வெயிட்டில்தான் ஆட முடியும். வயதும் ஏட்டில் ஏறாது. அலியின் ஐந்து தோல்விகளில் கடைசி இரண்டு 1980இல் லாரி ஹோம்ஸிடமும் 1981இல் டிரெவர் பெர்பிக்கிடமும் வந்தவை. 38, 39 வயதில், கை கால் ஏற்கெனவே தளர்ந்த நிலையில். ஃபிரேசியரிடம் வாங்கிய தோல்வியும் அவையும் ஒரே கட்டத்தில், ஒரே எடையில் நிற்கின்றன.

ஹோம்ஸிடம் தோற்ற அதே 1980இன் தொடக்கத்தில்தான் அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. அதே பயணத்தில் டெல்லியில் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங்கோடு நாலு ரவுண்டு. காட்சிப் போட்டி என்பதால் இரண்டும் ரெக்கார்டில் கிடையாது.

கவுர் சிங்கையும் அவருக்கு முந்தைய ஹவா சிங்கையும் வைத்தால் ஒப்பீட்டின் இன்னொரு ஓட்டை தெரியும். இருவரும் ராணுவம், இருவரும் ஹெவிவெயிட். ஹவா சிங் 1966, 1970 இரண்டு ஆசிய விளையாட்டிலும் தங்கம், பதினொரு தடவை தேசிய சாம்பியன். கவுர் சிங் 1982 டெல்லி ஆசியாட்டில் தங்கம், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், பத்மஸ்ரீயும் வாங்கினார். கட்டத்தை எண்ணினால் ஹவா சிங் முன்னால் நிற்பார். ஆனால் அவர் பெருமை எண்ணில் இல்லை. ஓய்வுக்குப் பின் ஹரியானாவின் பிவானியில் உட்கார்ந்து பையன்களைப் பழக்கினார். 2008 பெய்ஜிங்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நாலு பேர் பிவானிக்காரர்கள். வெண்கலம் வாங்கிய விஜேந்தர் சிங் அவர்களில் ஒருவர். ஹவா சிங் அதைப் பார்க்கவில்லை, 2000 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். கவுர் சிங் ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார், முதுமையில் வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்கினார், 2023இல் மறைந்தார். அவர் பின்னால் ஒரு பிவானி உருவாகாதது அவர் குத்தின் குறை இல்லை.

நான் போடும் வரிசை இது: உசிக், ஃபியூரி, ஜோஷுவா, வைல்டர். மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை, வைல்டரைக் கீழே விட அவனுக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னான்: "நம்ம ஊர் ஆளுங்க ரெக்கார்டு எங்க மாமா இருக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் குத்துச்சண்டைப் பரம்பரை என்று ஒன்று கிடையாது. மனை வாங்கிக் குடியேறியவர்களின் ஊர் இது. 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த 2021க்கு அப்புறம்தான் எங்கள் தெரு ஜிம்மில் மணல் பையே தொங்கியது. பரம்பரைகள் வடக்கே இருந்தன. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பக்கம் சார்பட்டாவும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் தலைமுறை தலைமுறையாக மோதின. யார் யாரை எத்தனையாவது ரவுண்டில் விழ வைத்தார் என்பது பேரப்பிள்ளைகள் வாயில் இருக்கிறது, தாளில் இல்லை. ஒரே போட்டியை இரண்டு பரம்பரைக்காரரும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்வார்கள். வைல்டருக்கு எதிராக நான் காட்டிய ஆதாரத்தில் ஒரு வரிகூட இவர்களுக்காகவோ இவர்களுக்கு எதிராகவோ காட்ட முடியாது.

பீச் ஸ்டேஷனுக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. இறங்கி வடக்கே கொஞ்ச தூரம் போனால் ராயபுரம். அந்தப் போட்டிகளைப் பார்த்தவர்கள் இப்போது எழுபது எண்பது வயதுக்காரர்கள். நீங்கள் குத்துச்சண்டை பிடிக்கும் ஆளாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் உட்காருங்கள். யார் ஜெயித்தது என்பதைக் கடைசியில் கேட்கலாம். எந்த வருஷம், எந்த இடம், எதிரே நின்றவர் பெயர் என்ன, எத்தனையாவது ரவுண்டு என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.