பூ முதலா, இலை முதலா?

சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதையொன்றில், மார்ச் மாதக் குளிரில் ஒருத்தி வயலோரமாக நடந்து போவாள். பக்கத்து உயிர்வேலியில் இலையே இல்லாத முட்கிளைகள், கிளை தெரியாமல் வெள்ளைப் பூ. அந்தச் செடிக்கு ஹாதார்ன் என்று பெயர் எழுதியிருந்தேன். கதை வெளியான இரண்டாவது வாரம் ஒரு வாசகர் எழுதினார்: “தம்பி, ஹாதார்ன் பூப்பது மே மாதம். முதலில் இலை, பிறகு பூ. நீங்கள் பார்த்தது பிளாக்தார்ன்.” கதையைப் பற்றி அதில் வேறு ஒரு சொல்லும் இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது. முதுகலை படிக்க இங்கிலாந்துக்கு வந்து, வேலையில் சேர்ந்து, இருபது வசந்தங்களை இதே வேலிகளுக்குப் பக்கத்தில் கழித்தவன் நான். பிளாக்தார்ன் பூக்கும்போது திரும்பி வரும் குளிரை இந்த ஊர்க்காரர்கள் ‘பிளாக்தார்ன் குளிர்காலம்’ என்றே சொல்வார்கள். என் கதைக்கு வேண்டியிருந்ததே அதுதான். செடியின் பெயர் தெரிந்திருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

அதன்பிறகுதான் பிரான்சிஸ் ரோஸின் ‘தி வைல்ட் ஃப்ளவர் கீ’யை வாங்கினேன். 1981இல் வந்த புத்தகம். என்னிடம் இருப்பது கிளேர் ஓ’ரெய்லி திருத்திய 2006ஆம் ஆண்டுப் பதிப்பு. படம் பார்க்க வாங்கியவன், ஒரு கட்டத்தில் அதன் எழுத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டிரண்டு வாக்கியங்களாகப் போகும் எழுத்து அது. இலை பிளவுபட்டதா, படாததா? பட்டதென்றால் இந்த எண்ணுக்குப் போ, இல்லையென்றால் அந்த எண்ணுக்கு. லமார்க் 1778இல் பிரான்சின் தாவரங்களுக்காக எழுதிய நூலில் பரவலாக்கிய முறை. நிரலாளர்களுக்கு இது பழகிய மரம்தான். ஆனால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதில் எழுதுபவரின் கை தெரியும்.

பிளாக்தார்னையே எடுத்துக்கொள்வோம். ‘இலைக்கு முன் பூ’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பிப்ரவரிக் கடைசியில் கிளம்பினால் செர்ரி பிளம் ஏமாற்றிவிடும். அதுவும் வெள்ளைப் பூ, அதுவும் வேலியோரம். பூவை விட்டுவிட்டுக் குச்சியைப் பார்க்க வேண்டும். செர்ரி பிளம்மின் இளங்குச்சி பச்சையாக, மினுமினுப்பாக இருக்கும், முள் குறைவு, பூவோடு இலையும் எட்டிப் பார்க்கும், புல்லி இதழ்கள் பின்னால் மடங்கியிருக்கும். பிளாக்தார்னின் குச்சி கறுத்தது, முள் கடுமையானது. கண் முதலில் ஓடும் இடத்தில் வித்தியாசம் இல்லை என்பதைத்தான் ரோஸ் எனக்குப் படிப்பித்தார்.

ஹாதார்னிலேயே இங்கே இரண்டு உண்டு. லின்னேயஸ் வைத்த ஒரே பெயருக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. 1775இல் ஜாக்குவின் ஒன்றைப் பிரித்து ‘மோனோகைனா’ என்றார். பழைய பெயர் பின்னாளில் குழப்பம் தருவது என்று விலக்கப்பட்டது. மோனோகைனாவின் இலையில் வெட்டு நடு நரம்பை நோக்கிப் பாதிக்கு மேல் போகும், பூவில் ஒரு சூல்தண்டு, பழத்தில் ஒரு கொட்டை. மிட்லண்ட் ஹாதார்னில் வெட்டு ஆழமில்லை, சூல்தண்டு இரண்டு, சில நேரம் மூன்று. கொட்டையும் அதே கணக்கு. பழைய காடுகளின் நிழலையும் அது தாங்கும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். பெரும்பாலும் பெயர், கூடவே சில அடைமொழிகள். அடையாளம் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கேட்பவருக்கும் அந்த மலை தெரியும். இன்று அவற்றில் சில எந்தச் செடி என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் ஊர்க்காரருக்கு எழுதப்படுவது. திறவுகோல் வந்து சேர்ந்தவருக்கு எழுதப்படுவது. ஆனாலும் இந்த வேறுபாட்டை நான் ரொம்ப இறுக்கமாகப் பிடிக்கவில்லை. கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டபோது என் அப்பத்தா சொன்னார்: “பார்த்தாத் தெரியலையாடா? ஒண்ணு உருண்டைப் பூ, ஒண்ணு வாலு மாதிரிப் பூ.” ரோஸ் எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நம் புலம்பெயர் கதைகளில் ‘பெயர் தெரியாத ஏதோ ஒரு வெள்ளைப் பூ’ எத்தனை முறை பூத்துவிட்டது! ஆரம்ப வருடங்களில் அது உண்மையான தவிப்பு. இருபது வருடம் கழித்தும் அதையே எழுதினால் சோம்பல் என்றுதான் சொல்வேன், என்னையும் சேர்த்து. மறுபக்கம், பிளாக்தார்னைக் ‘கருமுள்’ என்று தமிழாக்குவதும் எனக்கு உவப்பில்லை. வாசகர் மனதில் கருவேலம்தான் வந்து நிற்கும்.

கைபேசியைக் காட்டினால் செயலி பெயர் சொல்லிவிடுகிறதே என்பார்கள். அந்த மாதிரி மென்பொருளைச் சுற்றித்தான் என் பிழைப்பு, அதனால் குறை சொல்லக் கூச்சமில்லை. எதை வைத்து அப்படிச் சொன்னாய் என்று திருப்பிக் கேட்க முடியாது. ரோஸிடம் தவறினால் எந்தப் படியில் தவறினோம் என்று பின்னோக்கி நடந்து பார்க்கலாம்.

அவரிடமும் குறை உண்டு. இவ்வகை நூல்கள் பெரும்பாலும் பூ கையில் இருக்கிறது என்றே எண்ணுகின்றன. நவம்பரில் நடப்பவர், வெறும் இலையையும் குச்சியையும் வைத்துப் போலண்ட்டும் கிளமென்ட்டும் 2009இல் கொண்டுவந்த நூலை நாடலாம். இன்னொன்று, வாசனை. ஹாதார்ன் பூவில் லேசான அழுகல் வாடை உண்டு. வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று இங்கே பழைய நம்பிக்கை. இரண்டு வழியாகப் பிரிக்க உதவாததைத் திறவுகோல் கண்டுகொள்வதில்லை. கதைக்கோ அதுதான் வேண்டும்.

போன அக்டோபரில் ஊருக்கு வெளியே ஒரு பழைய வேலியில் பத்துப் பழம் பறித்து நசுக்கினேன். ஏழில் ஒரு கொட்டை, மூன்றில் இரண்டு. எல்லாம் ஒரே செடி. இலை வெட்டும் பாதியில் நின்றது. இரண்டும் கலந்து பிறந்தது. இந்த நாட்டில் அப்படி நிறைய உண்டு.

கதையின் இணையப் பதிப்பில் ஹாதார்னைப் பிளாக்தார்ன் என்று மாற்றித் தந்தார்கள். அச்சில் மார்ச் மாதத்தில் இன்னும் ஹாதார்ன்தான் பூத்துக்கொண்டிருக்கிறது.