பத்துப் பேரும் இருபத்தொரு பேரும்

2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, தங்கை, பாட்டி, நான். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வாரத்தில், குளியலறைக் குழாயைச் சரியாக மூடாமல் விட்டது யார் என்ற கேள்வி வந்தது. மற்ற நாட்களில் இந்த மாதிரிக் கேள்விக்கு ‘யாரோ’ என்றொரு பதில் உண்டு. தங்கையின் தோழி, மாமா வீட்டுப் பிள்ளைகள், குழாய் பார்க்க வந்த ஆள். இப்போது அந்த யாரோ இல்லை. இருக்கும் ஐந்து பேரில் ஒருவர்தான். எல்லாரும் எல்லாரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

அந்த வாரத்தில்தான் அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலைப் படித்தேன். 1939-இல் வெளிவந்தது. டெவன் கரைக்கு அப்பால் ஒரு தீவு. பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் அங்கே கூடுகிறார்கள். முதல் இரவே ஓர் இசைத்தட்டு ஓடி, பத்துப் பேர் மீதும் கொலைக் குற்றம் சாட்டுகிறது. படகு திரும்பி வரவில்லை. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். யார் கொலையாளி என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் பயப்படாமல் தொடரலாம்.

தனித்த இடத்தில் நடக்கும் கொலைக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன? தீவு, பனியில் சிக்கிய ரயில், மலைமேல் மடாலயம், வெள்ளம் சூழ்ந்த மாளிகை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வாசகர்கள் மட்டும் சலிப்பதில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பயம். ஓட வழியில்லை, உதவி வராது. அது உண்மைதான். ஆனால் பேய்க் கதையிலும் இதே பயம் இருக்கிறதே. பேய்க் கதை படித்துவிட்டு யாரும் பேப்பரில் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை.

என் கணக்கில் முதல் காரணம் அந்தப் பட்டியல்தான். நகரத்தில் நடக்கும் கொலையில் சந்தேகத்துக்குரியவர்கள் லட்சம் பேர். எழுத்தாளர் கடைசி அத்தியாயத்தில் எவனையாவது இழுத்து வந்து நிறுத்தலாம். தீவில் அது முடியாது. பத்து என்றால் பத்துதான். எழுத்தாளருக்குத் தெரிந்த ஆட்கள் அனைவரும் வாசகருக்கும் தெரியும். இரண்டாவது காரணம், தடயவியலுக்கு அங்கே வேலை குறைவு. ஆய்வுக்கூடம் இல்லை, சிசிடிவி இல்லை. இருப்பது பேச்சு மட்டும். யார் எங்கே இருந்தார், யார் யாரைப் பார்த்தார், யார் பொய் சொல்கிறார். இந்த ஆயுதங்கள் வீட்டில் உட்கார்ந்து படிப்பவனிடமும் இருக்கின்றன.

‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 1929-இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் துருக்கியில் செர்கெஸ்கோய் என்ற இடத்துக்கு அருகே பனியில் பல நாட்கள் சிக்கிக் கிடந்தது. கிறிஸ்டி 1934-இல் எழுதிய நாவலில் ரயில் யூகோஸ்லாவியாவில் நிற்கிறது. பனிக்கு அந்த நாவலில் ஒரே வேலைதான். போலீஸை வெளியே நிறுத்தி, பயணிகளை உள்ளே பூட்டி, பொய்ரோவை எல்லாரிடமும் பேசவைப்பது.

மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமானது. நம் தெருவில் எது நடந்தாலும் முதலில் என்ன சொல்கிறோம்? “வெளியாளா இருக்கும்.” தெரிந்தவன் செய்திருக்க மாட்டான், நம்மாள் செய்திருக்க மாட்டான். எங்கிருந்தோ வந்தவன், வேறு இனத்துக்காரன், அந்நியத் தொழிலாளி. மூடிய வட்டத்துக் கதை இந்த ஆறுதலைப் பிடுங்கிவிடுகிறது. வெளியாள் என்று ஒருவரும் இல்லை. கனவான், நீதிபதி, மருத்துவர், பக்திமிக்க மூதாட்டி என்று எல்லார் மீதும் சந்தேகம் ஒரே அளவில் விழுகிறது. பெரும்பாலும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் ஒரு வகை எழுத்து, சத்தமில்லாமல் இதைச் செய்கிறது. சும்மா சொல்லக்கூடாது, நான் அசந்துபோனேன்.

அசந்துபோனவன் அடுத்து என்ன செய்வான்? எழுத உட்காருவான். நானும் உட்கார்ந்தேன். பஹாங்கில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பழைய துரை பங்களா. மழைக்காலம். பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பல்கலைக்கழக நண்பர்கள் ஆறு பேர். இரண்டாம் நாள் காலை ஒருவன் செத்துக்கிடக்கிறான். ஐந்து பக்கம் எழுதி முடித்ததும் பெருமையாகப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பாட்டி தன் இளவயதில் ஒரு தோட்டத்தில் துரை வீட்டு ஆயாவாக வேலை செய்தவர்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, ஆறு பேரும் சாப்டாங்களா?” என்றார்.

“சாப்டாங்க பாட்டி.”

“யாரு சமைச்சா?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். “பங்களான்னா குசினிக்காரரு இருப்பாரு. ஆயா இருக்கும். தோட்டம் கூட்டுற ஆளு, ஜாகா, டிரைவரு. இதுல ஒருத்தரையும் காணோமே. பங்களா தனியா இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது? தொரையும் தொரைசானியும் ராத்திரி சண்டை போட்டாங்கன்னா, காலையில பெரட்டுக்கு முன்னாலயே லயத்துக்குத் தெரிஞ்சிரும்.”

கதை அங்கேயே படுத்துவிட்டது. நான் எழுதியது இன்றைய நண்பர்களைப் பற்றி, பாட்டி சொல்வது அன்றைய துரைகளைப் பற்றி என்று சமாளித்துப் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. தனித்த இடம் என்கிறோமே, யாருக்குத் தனித்த இடம்?

கிறிஸ்டியின் தீவுக்கே மறுபடி போனேன். அங்கே வேலைக்காரத் தம்பதி ராஜர்ஸும் அவர் மனைவியும் பத்துப் பேரில் அடக்கம். அவர்களுக்கும் குற்றம் உண்டு, ரகசியம் உண்டு, மரணம் உண்டு. அந்த வகையில் கிறிஸ்டி நியாயமானவர். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவன் பிலிப் லம்பார்ட். அவன் மீதான குற்றச்சாட்டு, கிழக்கு ஆப்பிரிக்கப் பழங்குடியினர் 21 பேரைக் காட்டில் சாகவிட்டு, இருந்த உணவை எடுத்துக்கொண்டு தப்பினான் என்பது. அவன் மறுக்கவும் இல்லை. மற்றவர்களின் குற்றங்களில் இறந்தவர்களுக்குப் பெயர் உண்டு, சிலருக்கு முகமும் உண்டு. இந்த 21 பேருக்கு ஓர் எண் மட்டும்தான். நாவலில் சாகும் பத்துப் பேரை வாசகர் விரல்விட்டு எண்ணுகிறார். நாவலுக்கு வெளியே செத்த 21 பேர் ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகிறார்கள். இந்நாவலின் முதல் பிரிட்டிஷ் பதிப்பின் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. 1940-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது இன்றைய தலைப்பு வந்தது.

இது கிறிஸ்டியோடு நிற்கும் பிரச்சினை இல்லை. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவற்றில் ஐந்தாவது, கதையில் சீனர் எவரும் வரக்கூடாது என்பது. அன்றைய மலிவு நாவல்களில் மர்மச் சீனனே எப்போதும் வில்லனாக வந்துகொண்டிருந்தான். அந்தச் சலிப்பைக் கிண்டல் செய்யத்தான் நாக்ஸ் அப்படி எழுதினார் என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் தீர்வாக அவர் எதைச் சொல்கிறார் பாருங்கள். சீனரை மனிதராக எழுதுங்கள் என்று சொல்லவில்லை. வட்டத்துக்கு வெளியே வையுங்கள் என்கிறார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1911 ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு இரவு, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தின் தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எதெல் பிரவுட்லாக், வில்லியம் ஸ்டூவர்ட் என்ற சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்றார். அன்று அந்தப் பள்ளி ஹை ஸ்ட்ரீட்டில் இருந்தது. இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீ. நகரின் நடுமத்தி. ஸ்டூவர்ட் ரிக்‌ஷாவில் வந்திருந்தார். வண்டிக்காரர் வெளியே இருந்தார். சுடும் சத்தம் அவருக்குக் கேட்டது. எதெலுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சில வாரங்களில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார்.

சாமர்செட் மாம் இந்த வழக்கை எடுத்துத்தான் ‘தி லெட்டர்’ கதையை எழுதினார். 1926-இல் ‘தி கேசுவரினா ட்ரீ’ தொகுப்பில் இருக்கிறது. அவர் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டால் ஒன்று தெளிவாகும். கொலை நகரத்திலிருந்து ரப்பர் தோட்டத்துப் பங்களாவுக்குப் போகிறது. கணவன் அன்றிரவு சிங்கப்பூரில் இருக்கிறான். லெஸ்லி தனியாக இருக்கிறாள். கொல்லப்படும் ஹேமண்ட் சொந்தக் காரில் வந்து, அதைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். அதாவது ரிக்‌ஷாக்காரர் கதையிலிருந்து காணாமல் போகிறார். நிஜத்தில் வாசலில் நின்ற சாட்சியை அகற்றினால்தான் அந்த இடம் தனித்த இடமாகும்.

கதைநுட்பமாகப் பார்த்தால் மாம் செய்தது சரி. லெஸ்லி சொல்வது ஒன்றுதான் கதை என்று முதலில் நம்பவைக்க வேண்டும். ஆனால் அவர் கெட்டிக்காரர். வெளியே தள்ளியதை வேறு வழியில் உள்ளே கொண்டுவருகிறார். லெஸ்லி எழுதிய கடிதம் ஒன்று, ஹேமண்டோடு வாழ்ந்த சீனப் பெண்ணிடம் இருக்கிறது. வழக்கறிஞரின் சீன எழுத்தர் மரியாதை குறையாமல் விலை பேசுகிறார். பத்தாயிரம் டாலர். வெள்ளைக்காரர்களின் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு உண்மை முதலிலிருந்தே தெரியும். வாசகருக்குத்தான் தாமதமாகத் தெரிகிறது.

வில்லியம் வைலர் 1940-இல் இதைப் படமாக்கினார். தொடக்கக் காட்சியைத் தேடிப் பாருங்கள். நிலா வெளிச்சம். மரத்திலிருந்து பால் சொட்டுகிறது. கேமரா நகர்ந்து, தூங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளர்களைக் கடந்து போகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. எல்லாரும் திடுக்கிட்டு எழுகிறார்கள். கதை தொடங்கும் முன்பே அந்தப் பங்களா தனித்த இடம் இல்லை என்று இயக்குநர் காட்டிவிட்டார். பிறகு படம் கிட்டத்தட்ட முழுதாக அந்த மனிதர்களை மறந்துவிடுகிறது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “நம்மகிட்ட யாரு வந்து கேக்கப்போறா?” என்றார்.

இதெல்லாம் புதிர்க் கதையிடம் கேட்கிற கேள்வியா, விளையாட்டை விளையாட்டாக விடக்கூடாதா என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். நான் இதை அரசியலாக மட்டும் கேட்கவில்லை, தொழிலாகவும் கேட்கிறேன். பட்டியல் முழுமையானது என்பதுதான் இந்த வகைக் கதை வாசகருக்குத் தரும் வாக்கு. தண்ணீர் காய்ச்சியவரையும் படுக்கை விரித்தவரையும் விட்டுவிட்டுப் போட்ட பட்டியல் முழுமையானதா? அந்த ஓட்டை வழியாகப் புதிரும் ஒழுகிவிடும்.

வட்டத்தை வேறு மாதிரியும் வரையலாம் என்பதற்கு ஜப்பானிய எழுத்தாளர் செய்ஷி யோகோமிசோவின் ‘கோகுமோன்தோ’ நாவலைச் சொல்வேன். 1947–48-இல் தொடராக வந்தது. போர் முடிந்து திரும்பும் கப்பலில் இறக்கும் நண்பன், தன் மூன்று தங்கைகளைக் காப்பாற்றச் சொல்லித் துப்பறிவாளர் கிண்டாய்ச்சியைத் தன் தீவுக்கு அனுப்புகிறான். இது ஆளில்லாத் தீவு இல்லை. மீனவர்கள், கோயில், இரண்டு பிரிவாகப் பிளந்த குடும்பம், கிசுகிசு, பழைய பகை என்று நிரம்பி வழிகிறது. அங்கே தனித்திருப்பது துப்பறிவாளர் மட்டும்தான். ஊருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. அதுதான் மர்மம்.

தமிழிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. எஸ். பாலச்சந்தரின் ‘நடு இரவில்’ 1970-இல் வெளியானது. கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய படம். இங்கே கூடுகிறவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்தக்காரர்கள். நடுவில் சொத்து. அந்த ஒரு மாற்றத்தில் கதை நம்முடையதாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒன்பது பேரைச் சந்தேகிப்பது ஆங்கிலேயருக்கு நடுக்கம் தரலாம். நமக்குச் சித்தப்பாவைச் சந்தேகிப்பதுதான் நடுக்கம்.

என் தோட்டத்துக் கதையை மறுபடி எடுத்தேன். வேலைக்காரர்களைச் சேர்த்ததும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. லயத்தையும் சேர்த்தால் இருநூறு பேர். இருநூறு பேருக்கும் தெரிந்த கொலையில் யார் செய்தது என்ற கேள்விக்கு உயிர் இல்லை. அதற்குப் பதிலாக வேறு கேள்விகள் வந்து உட்கார்ந்தன. தெரிந்தவர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? யாராவது அவரிடம் கேட்டார்களா?

இப்போது அது அறுபதுகளில் நடக்கும் கதை. பங்களாவில் விருந்துக்கு வந்த ஆறு பேர். ஏழாவதாகப் பின்கட்டில் விடிகாலை வெந்நீர் வைக்கும் ஒரு பெண். முதல் இரண்டு பக்கத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். “இவளுக்குத் தெரியும்” என்றார் உடனே. அவள் வாய் திறப்பாளா என்று கேட்டேன். பாட்டி ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் பக்கம் இன்னும் எழுதவில்லை.