சூடிய பூவும் உடுத்த பெயரும்

உடை உடலை மறைப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. உடுத்தவரைப் பற்றி உலகுக்குச் சொல்வதற்கும் அமைந்தது. அச்சொல்லைக் கேட்டுச் சிலர் மகிழ்வர், சிலர் நகுவர். இன்று நம் இல்லங்களில் வளரும் மக்கள் விரும்பி அணியும் ஓர் உடையைக் குறித்து எழுந்துள்ள நகைப்பே இக்கட்டுரையின் பொருள். பருத்திப் பின்னலால் ஆகிய அவ்வுடையைத் திருப்பூரார் பனியன் என்பர்; இளைஞர் டி-ஷர்ட் என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தே அமெரிக்கக் கடற்படையினர்க்கு உள்ளாடையாக வழங்கப்பட்ட இது, பின்னர் வெளியாடையாகி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இசைக்குழுக்களின் பெயரையும் சின்னத்தையும் மார்பில் தாங்கலாயிற்று. இங்ஙனம் ஓர் இசைக்குழுவின் பெயர் பொறித்த சட்டையை அணிதல் பெருமையா, இழுக்கா? இளைஞர் மொழியிற் கூறின், அது 'கெத்தா', அன்றிக் கேலிக்குரியதா?

சிறு வினா என்று இதனை ஒதுக்குவார் உளர். பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களின் வரலாற்றை அறிந்தோர் அங்ஙனம் ஒதுக்கார். மார்பின்மீது எதனை இடலாம், எவர் இடலாம் என்னும் வினாவுக்கு அந்நிலத்து மக்கள் கொடுத்த விலை பெரிது. ஆதலின் அவ்வெல்லை நிலத்தில் நின்றே இவ்வினாவை ஆய்வோம்.

மூவகைக் குறை

இத்தகைய சட்டையை இகழ்வோர் மூவகையினர். முதல் வகையினர் இசை இரசிகரே ஆவர். ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு அக்குழுவின் சட்டையையே அணிந்து செல்லுதல் அழகன்று என்பது அவர்தம் எழுதாச் சட்டம். 1994இல் வெளிவந்த 'பி.சி.யு.' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் ஒருவன் தன் தோழனை இதன்பொருட்டே கடிந்துகொள்கின்றான்.

இரண்டாம் வகையினரை அறிவுக் காவலர் எனலாம். பாடல்களை அறியாது பெயரை மட்டும் அணிதல் போலித்தனம் என்பர். அணிந்தவரை, சிறப்பாக அணிந்த பெண்களை, நிறுத்தி, "அக்குழுவின் பாடல்களுள் மூன்றைச் சொல் பார்ப்போம்" என்று தேர்வு நடத்துவர்.

மூன்றாம் வகையினர் பெற்றோரும் மற்றோரும். பொருள் விளங்காத அயற்பெயரையும் அஞ்சத்தக்க உருவங்களையும் மார்பிற் சுமத்தல் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பது அவர்தம் கவலை. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நேர்மையாகாது. தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

பூச்சூடிய மறவர்

அடையாளம் அணிதல் மேலைநாட்டார் புதிதாகக் கண்ட வழக்கமன்று. பகைவேந்தர் தம் படைகளை இன்னார் படை எனப் பிரித்தறிதற்பொருட்டு மறவர் சூடிய பூக்களைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் குறிக்கின்றார். சேரர்க்குப் பனை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆத்தி. போர் ஒழுக்கங்களுக்கே வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் பூக்களின் பெயரை இட்ட இலக்கியம் நம்முடையது. பூவைக் கண்டு ஆளை அறிந்த மக்கள் நாம்.

இவ்வழக்கத்தைக் கவிதைப் பொருளாக்கியவர் கோவூர்கிழார். நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான், நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான், இருவரும் சோழர். புறநானூற்று 45ஆம் பாடலில் புலவர் அவர்களிடம் பேசும் முறை வியக்கத்தக்கது. எதிர்நிற்பவன் சேரன் பூவையோ பாண்டியன் பூவையோ சூடவில்லை. இருவர் தலையிலும் இருப்பது ஆத்தியே. எவன் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்று அவர் எடுத்துரைக்கின்றார். பகையைப் பிரித்துக் காட்ட வந்த பூ, ஈண்டு உறவை நினைவூட்டும் பூவாகிவிட்டது. ஆகவே அடையாளத்துக்குத் தொழில்கள் இரண்டு. ஒன்று வேறுபடுத்தல், மற்றொன்று சேர்த்தல்.

முதல் வகையினர் முன்னதை மட்டும் கண்டனர். நிகழ்ச்சிக்கு வந்தோர் அனைவரும் இரசிகராதலின், அங்கு அச்சட்டை கூறும் செய்தி வீண் என்பது அவர் வாதம். வேறுபடுத்தல் ஒன்றே தொழிலாயின் அவ்வாதம் பொருந்தும். ஆயின், கார்த்திகை மாதத்தில் கறுப்பும் நீலமும் உடுத்துச் சபரிமலை ஏறுவோரை, "எல்லாரும் அடியார் ஆயிற்றே, உடை எதற்கு?" என்று எவரும் நகுவதில்லை. பலர் ஒரே நிறம் உடுத்து ஓரிடத்துக் கூடும்போது 'நான்' தேய்ந்து 'நாம்' பிறக்கின்றது. இசையரங்கிலும் அது நிகழலாம். ஆதலின் முதற்குறை சுவை வேறுபாடேயன்றிக் குற்றமன்று.

நாக்கும் விண்மீனும்

இரண்டாம் வகையினர் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. பொருளறியாது சொல்லைச் சொல்லுதல் குறையே. எனினும், அவர் நடத்தும் தேர்வில் தேறுவோர் எவர்?

உலகில் மிகுதியாக அணியப்படும் இசைச்சின்னங்களுள் ஒன்று, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சிவந்த உதடும் நீட்டிய நாக்கும். 1970இல் இலண்டன் ராயல் கலைக்கல்லூரி மாணவராயிருந்த ஜான் பாஷ் என்பவர் அதனை வரைந்தார். அதற்கு அவர் அன்று பெற்ற ஊதியம் ஐம்பது பவுன். 1971இல் ஓர் இசைத்தட்டுடன் அது உலகுக்கு வந்தது. மூல ஓவியத்தை 2008இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவ்வோவியத்துக்குத் தூண்டுதலாகக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் ஓவியரிடம் காட்டியது நம் காளியின் படம்.

இதனை எல்லை நிலத்தில் வைத்து எண்ணுக. நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் விளவங்கோட்டுப் பகுதியிலும் பத்திரகாளியின் கோயிலை முடிப்புரை என்பர். கொல்லங்கோட்டுத் தூக்கத் திருவிழாவைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்வர். அங்குப் பிறந்து வளர்ந்த சிறுவன் ஒருவன் கடைவீதியில் வாங்கிய நாக்குச் சட்டையை அணிந்து நிற்கின்றான் என்க. ஆங்கிலப் பாடல் ஒன்றும் அவன் அறியான்; தேர்வில் தோற்பான். ஆயினும் அந்நாக்கை அவன் தாய்மடியிலிருந்தே அறிவான். அச்சிறுவன் சின்னத்தை அறியாதவனா, அறிந்தவனா?

இன்னொரு சான்றும் காண்போம். ஜாய் டிவிஷன் என்னும் ஆங்கிலேயக் குழு 1979இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறையில், கரிய பரப்பில் மலைமுகடுகள் போன்ற வெண்கோடுகள் உள்ளன. இன்று எத்தனையோ சட்டைகளில் அக்கோடுகளைக் காணலாம். அவை மலைகள் அல்ல. 1967இல் ஜோசலின் பெல் என்னும் ஆய்வு மாணவி கண்டறிந்த, துடிக்கும் விண்மீன் ஒன்றின் வானொலி அலைகள். அக்குழுவின் பாடல்களையெல்லாம் ஒப்பிக்கும் இரசிகர் அவ்விண்மீனை அறியாதிருக்கக் கூடும். விண்மீனை அறிந்த வானியலார் பாடல்களை அறியாதிருக்கக் கூடும். அறிவுத் தேர்வுக்கு முடிவில்லை. முடிவில்லாத தேர்வு அறிவை வளர்ப்பதற்கன்று. வாயிலை அடைப்பதற்கே பயன்படும்.

தோள்சீலையும் ஒரு நிபந்தனையும்

"இதனை அணியும் தகுதி உனக்குண்டா?" என்னும் கேள்வி எல்லை நிலத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென்திருவிதாங்கூரில் நாடார் முதலிய குடிகளைச் சேர்ந்த பெண்டிர் மார்பை மறைத்து மேலாடை இடுதல் மறுக்கப்பட்டிருந்தது. 1814இல் கிறித்தவம் தழுவிய பெண்டிர் குப்பாயம் அணிய இசைவு கிடைத்தது. 1829ஆம் ஆண்டின் ஆணை குப்பாயத்தை ஒப்பி, மேல்சாதிப் பெண்டிர் இடுவது போன்ற தோள்சீலையை மறுத்தது. இலண்டன் மிஷன் சங்கத்தின் நிலையங்களுள் ஒன்றாகிய பாறசாலையும் அக்காலத்துத் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1822 முதல் 1859 வரை மும்முறை மூண்ட கலகங்களில் பெண்டிர் ஆடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்டன.

1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மன்னரின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்டிர் அனைவரும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்டிரைப் போல் முரட்டுத் துணியைத் தோளைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலேனும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்டிர் உடுப்பது போல் மட்டும் உடுத்தலாகாது. உரிமையை ஒரு கையால் கொடுத்துப் பாணியை மறு கையால் மறுத்த இந்நிபந்தனையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அங்குத் துணி பொருட்டன்று. 'எம்மைப்போல் நீ தோன்றலாகாது' என்பதே கருத்து. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர், தலைத்துணி மறுக்கப்பட்ட ஆடவரைத் தலைப்பாகையுடன் வழிபட வரச் செய்ததும் அக்கருத்துக்குத் தந்த விடையே.

சட்டைக்காக ஓர் இளைஞன் கேட்கும் கேலியையும் அப்பெண்டிர் பட்ட அடியையும் ஒன்றெனக் கூறுவோமல்லோம். அங்ஙனம் கூறுதல் அவர்தம் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். அளவு வேறு. ஆயின் வினாவின் வடிவம் ஒன்று. அவ்வடிவத்தை இனங்காணப் பழகாத மக்கள், அது பெரிதாகி வரும்போதும் காணமாட்டார்கள்.

இவ்வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளியில் கற்பார்கள் என்று நம்பியிருத்தலும் இயலாது. உடையின் சமூக வரலாற்றைக் கூறிய இயல், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் ஒன்பதாம் வகுப்பு நூலிலிருந்து 2019இல் நீக்கப்பட்டது. இனி அதனைச் சொல்லும் பொறுப்பு வீட்டுக்கும் சங்கத்துக்கும் உரியது.

நெய்தவர் யார்?

மூன்றாம் வகையினராகிய பெற்றோர்க்கு வருவோம். அயற்பெயரைச் சுமத்தல் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பது அவர் கூற்று. ஆயின் உடையில் அயல் எது, அகம் எது?

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது பாலராமபுரம். அவிட்டம் திருநாள் பாலராமவர்மா ஆண்ட காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடிகள் அங்குக் கொண்டுவரப்பட்டுத் தெருக்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் குழித்தறியில் நெய்த கசவுக்கரை முண்டும் சேலையும் இன்று கேரளத்தின் அடையாளமாக ஓணத்தன்று உடுக்கப்படுகின்றன. புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. ஒரு நாட்டின் தனியுடையாக உலகறிந்த உடையை நெய்து தந்தவர், பிழைப்பை நாடிப் பெயர்ந்த தமிழ்க் குடியினர். பெயர்ந்து வாழும் நம்மனோர் இதனை மறத்தலாகாது. அவ்வாறே, மேலைநாட்டுப் பெயர் தாங்கிய பின்னற்சட்டைகளுள் பல திருப்பூரில் தைக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. மார்பில் இருப்பது அயலான் பெயர். துணியில் இருப்பது நம் உழைப்பு.

எல்லை நிலத்தார் மொழியும் அத்தகையதே. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு வேண்டிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே நடந்தே கடக்கத்தக்க கோடு ஒன்று மாநில எல்லையாயிற்று. கோட்டுக்கு அப்பால் தமிழ் பேசுவோன், ஒருபுறம் 'பாண்டி' என்று நகைக்கப்படுகின்றான்; மறுபுறம் 'உன் தமிழில் மலையாளம் மணக்கிறதே' என்று திருத்தப்படுகின்றான். "நீ உண்மைத் தமிழனா? சொல் பார்ப்போம்" என்பதும், "நீ உண்மை இரசிகனா? மூன்று பாடல் சொல் பார்ப்போம்" என்பதும் ஒரே பள்ளியின் இரு வகுப்புகள்.

திறனாய்வின் தொழில்

அங்ஙனமாயின் எதனையும் எவரும் அணியலாம், எவரும் எதுவும் வினவலாகாது என்பதா எம் முடிவு? அன்று. வினவுதல் வேண்டும். ஆனால் அணிந்தவரின் தகுதியை அன்று. அணிந்ததன் பொருளை வினவுதல் வேண்டும். அப்பெயர்க்குரிய இசை யாது? அது எதனைப் பாடுகின்றது? நன்றாகப் பாடுகின்றதா? பிறரை இழித்துரைக்கும் சின்னமாயின் அதனைக் கண்டித்தலும் கடனே. அக்கண்டனம் சின்னத்தின்மேற் செல்லும். அணிந்தவரின் ஊர்மேலும் சாதிமேலும் ஆங்கிலத்தின்மேலும் செல்லாது.

உடையையே பொருளாக்கிய இசைக்குழுக்களும் நம்மிடை உள. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து சாதிக்கெதிராகப் பாடினர். அவர்தம் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்திலிருந்து பிறந்தது. அவர்கள் அன்று கோட்டும் சூட்டும் அணிந்து மேடையேறினர். அம்பேத்கரின் உடையை அறிந்தோர்க்கு அதன் பொருள் விளக்க வேண்டுவதன்று. 2003இல் தோன்றிய கேரளத்து 'அவியல்' குழு, ஆங்கிலத்தில் பாடினால்தான் ராக் என்றிருந்த எண்ணத்தை விலக்கி மலையாளத்தில் பாடிற்று. அதன் பெயரோ, எல்லைக்கு இருபுறமும் ஒவ்வொரு விருந்திலும் இலையில் விழும் கறியின் பெயர். அப்பெயரை மார்பில் அணிபவன் தன் தாயின் அடுக்களையையும் அணிகின்றான்.

முடிவுரை

இசைக்குழுவின் பெயர் பொறித்த சட்டையை அணிதல் இழுக்கன்று என்பதே எம் துணிபு. அறியாமல் அணிந்தாலும் இழுக்கன்று. அறிந்துகொள்ள மறுத்தலே இழுக்கு. அணிந்தவரை நிறுத்தித் தகுதி கேட்டல் அதனினும் இழுக்கு. தோள்மேல் ஒரு முழத் துணிக்காக முப்பத்தேழு ஆண்டுகள் இடையிடையே அடிபட்ட மக்கள் வாழ்ந்த நிலத்தை அண்டியோர்க்கு இது தெரியாதிருத்தல் கூடாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை அத்தகைய சட்டையுடன் வந்து நின்றால், "இது என்ன கோலம்?" என்னாது, "அவர்கள் பாட்டு ஒன்றைப் போடு, கேட்போம்" என்று கூறுக. பாட்டு முடிந்தபின் தோள்சீலையின் கதையை நீங்கள் கூறுக. பாட்டு நன்றன்று எனத் தோன்றின் அதனையும் மறைக்காமற் கூறுக. பிள்ளை மறுத்துப் பேசுவான், பேசட்டும். சுவையைப் பற்றிய அவ்வுரையாடலே திறனாய்வு எனப்படும்.