குழுவிலிருந்து கணினிக்கு: ஏ. ஆர். ரகுமானின் தாளம்

ஃபங்க் என்பது 1960களில் அமெரிக்கக் கறுப்பின இசைஞர்கள் உருவாக்கிய ஆட்ட இசை. இதில் மெட்டைவிடத் தாளமே முதன்மை. ஜேம்ஸ் பிரவுன் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடிக்கு அழுத்தம் தந்தார். பேஸ் கிதார் விடும் இடைவெளியை டிரம்ஸ் நிரப்பும். ஒரே அறையில் கூடி, ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பவர்களின் இசை இது.

தமிழ்த் திரையிசையில் இத்தகைய குழு அனுபவம் மின்னணு இசைக்குள் சென்றதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஏ. ஆர். ரகுமான். இளமையில் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'ரூட்ஸ்' குழுவில் கீபோர்டு வாசித்தவர் அவர். 'ரோஜா' (1992) முதல் சென்னையில் தம் வீட்டை ஒட்டிய பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடமே அவரது களமானது. கலைஞர்கள் பெரும்பாலும் தனித்தனியே வந்து வாசித்தனர். அப்பதிவுகளை அவர் அடுக்கிப் பாடலாக்கினார்.

இம்முறையில் ஓர் இழப்பு உண்டு. ஒருவரின் வாசிப்புக்கு மற்றவர் அக்கணமே மறுமொழி தர இயலாது. இயந்திரத் தாளம் பிசகுவதில்லை. அதனாலேயே விறைத்துப்போகும் அபாயமும் உண்டு.

ரகுமானின் சிறந்த பாடல்களில் இந்த விறைப்பைத் தளர்த்துபவை மனிதக் குரல்கள். 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' பாடலில் சுரேஷ் பீட்டர்ஸ் சென்னைப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை இயந்திரத் தாளத்தின்மீது ஓடவிடுகிறார். 'பம்பாய்' (1995) படத்தின் 'அந்த அரபிக் கடலோரம்' பாடலில் பேஸ் ஒலி விடும் இடத்தைக் குரல்கள் நிரப்புகின்றன. பழைய குழுவின் பழக்கம் இங்கே தெளிவாகக் கேட்கிறது.

ஆகவே இப்பாடல்களின் துள்ளலைக் கணினி தந்ததாகக் கூறுவது பாதி உண்மையே. எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதைக் குழுவில் பழகிய காதே அறியும். மென்பொருளில் இசை பயிலும் மாணவர் பிறருடன் கூடி வாசிக்கவும் பழகுவது நல்லது.