வலையமைப்பு போருக்கெனப் பிறந்ததா?

கணிப்பொறி வலையமைப்பின் வரலாற்றைக் கூறுவோர் பலர், அணுகுண்டுப் போரிலும் அழியாத செய்தித் தொடர்பு வேண்டுமென்று அமெரிக்கா அமைத்ததே அது என ஒரே தொடரில் முடித்துவிடுவர். மாணவரும் அவ்வாறே மனப்பாடம் செய்வர். இக்கூற்று முற்றும் பொருந்துமா?

இதற்கு வேர் இல்லாமலில்லை. 1964இல் ராண்ட் நிறுவனத்துப் பால் பாரன், தாக்குதலுக்குத் தப்பும் தொடர்பு முறையொன்றை வகுத்துக் காட்டினார். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, திறந்திருக்கும் வழியில் அனுப்புவது அம்முறை. கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த கியா பார்மை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். மண் சரிந்து தாப்பா சாலை அடைபட்டால், காய்கறி லாரிகள் சிம்பாங் பூலாய் வழியே இறங்கலாம். சரக்கு ஊர் சேரும். ஆயினும் பாரனின் வரைவு அன்று கட்டப்படவில்லை.

கட்டப்பட்டது ஆர்ப்பாநெட் என்னும் வேறொரு வலை. பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே, ஐயமில்லை. எனினும் 1966இல் அதற்கு வித்திட்ட ராபர்ட் டெய்லரின் நோக்கம் வேறு. அவர் அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்துக் கணிப்பொறிக்கு உரியது. ஒன்றன் வழியே மற்றொன்றை அடைய இயலாது. விலைமிக்க பொறிகளை ஆய்வாளர் பகிர்ந்து பயன்கொள்ள ஓர் இணைப்பு வேண்டுமென அவர் கருதினார். 1969 அக்டோபர் 29இல் முதற்செய்தி லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்திற்கே சென்றது, படைத்தளத்திற்கு அன்று.

மறுப்பும் உண்டு. அந்நாளில் அத்துறையின் ஆய்வு முகமையில் தலைமைப் பொறுப்பிலிருந்த ஸ்டீபன் லுக்காசிக், படைத் தலைமையின் தேவையும் நோக்கங்களுள் ஒன்றென 2011இல் எழுதினார். ஆக, கொடுத்தவர் கருத்து ஒன்று. கட்டியவர் கருத்து மற்றொன்று. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் உரைப்பது வரலாறாகாது.

மலேசியாவைக் காண்க. 1985இல் அரசு நிறுவிய மிமோஸ், ரங்கோம் என்னும் வலையால் பல்கலைக்கழகங்களை இணைத்தது; 1992இல் ஜாரிங் சேவை வந்தது. நுட்பம் பிற நாட்டில் தோன்றியதாயினும், இங்கு அதனை வளர்த்தது போரச்சமன்று. ஆய்வுத் தேவையும் பொதுப்பணமுமே.

எனவே ஆசிரியர், ஒற்றை விடையை மாணவர்க்கு ஊட்டாது, யார் பணம் தந்தனர், யார் எதற்காகக் கட்டினர், யார் பயன்கொண்டனர் என்னும் மூன்று வினாக்களை எழுப்பக் கற்பித்தல் நன்று. மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று அறிவதே வரலாற்றுக் கல்வியின் பயன்.