சுக்கிலாலாவின் கணக்கேடு

மெகபூப்கான் 1957ஆம் ஆண்டில் அளித்த ‘மதர் இந்தியா’ என்னும் இந்திப் படத்தைத் தாய்மையின் காவியமென்றே பலரும் போற்றுவர். எழுத்தறிவித்தலைத் தொழிலாகக் கொண்ட எனக்கோ அது ஒரு கைநாட்டின் கதையாகவே தோன்றுகின்றது. மகனின் மணத்துக்காக ராதாவின் மாமி பெற்ற கடன் 500 ரூபாய். வட்டி விளைவில் காற்பங்கென்றே அவள் நம்பினாள், ஏட்டிலோ முக்காற்பங்கு. அதனை வாசிக்க அவள் அறியாள். ஊர்ப்பெரியோரும் ஏட்டின் பக்கமே தீர்ப்பளித்தனர். போடியாரையும் முல்லைக்காரரையும் கண்டறிந்த நம் கல்முனைப் பகுதியார்க்கு இக்காட்சியை விளக்க உரை வேண்டா.

பிற்பாதியில் ராதாவின் மகன் பிர்ஜு அவ்வேடுகளைக் கொளுத்தி, சுக்கிலாலாவையும் கொல்கின்றான். படம் குறையுடையதாவது இங்கேதான். எரிந்த ஏட்டை மற்றொருவன் மீண்டும் எழுதலாமன்றோ? தாயே மகனைச் சுடும் உருக்கத்தில் அவ்வினா மறைந்துபோகின்றது. முதுமையில் ராதா வாய்க்காலைத் திறந்துவைக்கின்றாள். அவள் கையொப்பமிடக் கற்றாளா என்பதைப் படம் சொல்லவில்லை.