இன்ட் என்றால் எத்தனை?

200-ஐ 200-ஆல் பெருக்கினால் 40,000. இதற்கு பி.காம். கூட வேண்டாம் (என்னிடம் இருப்பது அதுதான்). ஆனால் நம்மூர் காலேஜ் லேப்களில் வருஷக்கணக்கில் ஓடிய டர்போ சி-யில் இரண்டு ‘இன்ட்’களைப் பெருக்கி, விடையையும் இன்ட்டில் போட்டுப் பாருங்கள். மைனஸ் 25,536 என்று வரும். அதே புரோகிராமை ஓர் எழுத்துகூட மாற்றாமல் லினக்ஸில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுங்கள். சமர்த்தாக 40,000 என்கிறது.

யார் மேல் தப்பு? இரண்டு பேர் மேலும் இல்லை என்பதுதான் சி மொழி மேல் என் புகார்.

இன்ட் என்பது முழு எண்ணை வைக்கும் பெட்டி. டர்போ சி-யில் அது 16 பிட். 32,767-க்கு மேல் தாங்காது. மீறினால் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். ஜிசிசி-யில் 32 பிட். 214 கோடி சொச்சம் வரை கொள்ளும். பெயர் மட்டும் ஒன்றே.

கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய சி புத்தகத்தில் இதை ஒளிக்கவில்லை. குட்டியாக ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். பிடிபி-11 மெஷினில் இன்ட் 16 பிட், ஹனிவெல் 6000-ல் 36, ஐபிஎம் 370-ல் 32. அந்தந்த மெஷினுக்கு எது சௌகரியமோ அது. சி இத்தனை மெஷின்களில் குடியேறியதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘படி’ என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் அளவை மாற்றினால் அரிசிக்காரருக்குச் சௌகரியம். வாங்குகிறவர் கதி?

1989-ல் வந்த அமெரிக்கத் தரம் ‘லிமிட்ஸ்.ஹெச்’ என்ற கோப்பைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு கம்பைலரும் தன் பெட்டிகளின் எல்லையை அதில் எழுதிவைக்க வேண்டும். லிஃப்டில் ‘6 பேர் மட்டும்’ என்று இருக்குமே, அந்த மாதிரி போர்டு. படிக்கலாம். பத்துப் பேர் லிஃப்ட்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அதனால் ஆளாளுக்குப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். விண்டோஸில் ‘டிவேர்ட்’, லினக்ஸ் கெர்னலில் ‘யு32’.

அந்தக் கோப்பில் ஒரு வேடிக்கை. 32 பிட் இன்ட்டின் கீழ் எல்லை மைனஸ் 2147483648. இதை நேராக எழுதமாட்டார்கள். ‘மைனஸ் 2147483647, அதில் 1 கழி’ என்பார்கள். கம்பைலர் முதலில் எண்ணைப் படிக்கும், அப்புறம்தான் மைனஸ் போடும். அந்த எண்ணோ மேல் எல்லையைவிட ஒன்று அதிகம்! எல்லையைச் சொல்லவந்த கோப்பே எல்லைச்சுவரில் இடித்துக்கொள்ளாமல் நழுவ வேண்டியிருக்கிறது.

1999-ல்தான் ‘ஸ்டிடின்ட்.ஹெச்’ வந்தது. ‘இன்ட்32_டி’ என்று கேட்டால் சரியாக 32 பிட். கொடுக்க முடியாத மெஷினில் புரோகிராம் கம்பைலே ஆகாது. இது நேர்மை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவில் இந்தக் கோப்பு சேர 2010 ஆனது.

பழைய பெயர்கள் மட்டும் திருந்தவில்லை. ‘லாங்’ என்பது 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் இன்னமும் 32. பழைய யூனிக்ஸ் மெஷின்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி இந்த 32 பிட் லாங்கில்தான் போட்டுவந்தன. 2038 ஜனவரி 19 அன்று பெட்டி நிரம்பும். அடுத்த விநாடி, 1901 டிசம்பர்! முப்பது வருஷ வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அப்படி ஒரு புரோகிராமில் கணக்குப் போட்ட பேங்க் ஏதாவது இருந்தால், 2008-லேயே அந்தச் சுவரில் முட்டியிருக்கும்.